அடிக்கணக்கு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உதயன் ஒரே உதையில் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தான். பெயர்ந்த தாழ்ப்பாள் பறந்துபோய்ச் சாரதாதேவியின் தேநீர்க் கோப்பையில் பட்டது. அவள் கையில் கோப்பையின் கைப்பிடி மட்டும் மிஞ்சியது.

"அறையை அளக்கவேணும் எண்டு சொன்னதாம். வந்திருக்கிறன்," என்றான் உதயன். "எங்கை அண்ணி, உங்கடை தலைவர்?"

தலைவர் என்பது அவனுடைய சொந்தத் தமையன், சாரதாதேவியின் கணவர் குலசேகரத்தார். ஊர்ச் சங்கத்துக்குப் பதினொரு வருஷமாகத் தலைவர். ஒவ்வொரு முறையும் ஏகமனதான தெரிவு; போட்டிக்கு ஒருவரும் வராவிட்டால் மனம் ஒன்றாகத்தானே இருக்கும்.

உடைந்த தாழ்ப்பாளுக்கு வயது மூன்று நாள். அது பிறந்த கதை போன கிழமை வாசித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாக.

மகள் மிருணாளினிக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஆறு கிழமையாக ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள். இரண்டு கிலோவைத் தொட்டதும் சனிக்கிழமை வீட்டுக்கு விடுவதாகச் சொன்னார்கள். ஆனால் எந்த வீட்டுக்கு? மகளும் மருமகனும் கூசேன்வில்லில் இருப்பது ஒற்றை அறை, சுவரெல்லாம் பூஞ்சணம். ஆகவே பாரிசில், மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோவுக்குப் பின்தெருவில் இருக்கிற தாய்வீடு.

அங்கே பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறையைப் பார்க்க ஜெனவியேவ் என்ற நேர்ஸ் வந்தாள். மரியாதைக்குக் காலணியைக் கழற்றினாள். அரை நிமிஷத்தில் திரும்பப் போட்டுக்கொண்டாள். கீழே மீன்கடை. அறைக்கு நேர் கீழே மீன்கடையின் குளிர் அறை. நிலத்தில் வைத்த வெப்பமானி பதினொன்றைக் காட்டியது. நிலத்தைச் சரிப்படுத்தாவிட்டால் பிள்ளை இங்கே வராது, கொஞ்சக் காலம் வேறொரு நிலையத்தில் வைத்துப் பார்ப்போம், அடுத்த வெள்ளி வந்து பார்க்கிறேன் என்று சொல்லி, ஒரு கடதாசியில் 'இசோலாசியோன்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

பிரெஞ்சில் அதற்குக் குளிர் ஏறாமல் நிலத்துக்குக் காப்புப் போடுவது என்று பொருள். குலசேகரத்தாரோ முப்பது வருஷம் பாரிசில் இருந்தும் பிரெஞ்சைத் தன்னுடைய இங்கிலீசால் வாசிக்கிறவர்.

"ஐசோலேசன்! தனிமைப்படுத்தல்! பாத்தீரோ தேவி, துடக்குக் காக்கச் சொல்லி வெள்ளைக்காரனே எழுத்திலை தந்திட்டான்!"

பிள்ளைப்பேற்றுத் தீட்டான முப்பத்தொரு நாள் துடக்குப் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிட்டதே என்று சாரதாதேவி சொல்லிப் பார்த்தாள். பெட்டிக்குள் இருந்த நாள் கணக்கில் வராது என்று தீர்ப்பாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், பிரெஞ்சு அரசாங்கம் நம்முடைய துடக்கை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அறிவித்தார். இரண்டு பேர் கை தட்டினார்கள். திங்கட்கிழமை, வீட்டின் மறுபாதியில் இருக்கும் தம்பியின் பக்கத்துக்குப் போகும் கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்தார்.

நேற்று மிருணாளினி ஆஸ்பத்திரியில் இருந்து போனில் கத்தினாள்: "நிலத்துக்கு, பப்பா! செ பூர் ல சோல்! நிலத்துக்கு!"

நிலத்துக்கு என்பதைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். தாழ்ப்பாளைக் கழற்றவில்லை. எடுத்த தீர்மானத்தை வாபஸ் வாங்கினால் சங்கம் என்னாவது? கட்டட வேலை செய்கிற தம்பிக்கு, வந்து அளந்து தரச் சொல்லி ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். ஆள், கலாவதி. உதயனின் மனைவி. தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டு போனாள்.

அளக்க வந்தவன் கதவை உதைத்துக்கொண்டு வந்ததில் சாரதாதேவிக்கு ஆச்சரியம் இல்லை. அவளுக்குப் பயம் வேறு.

அளவுதான் பயம்.

இந்த வீட்டை அண்ணனும் தம்பியும் 2009 தொடக்கத்தில் சேர்ந்து வாங்கினார்கள். இருபத்தொரு அடி நீளமான கூடத்தை நடுவில் மறித்து ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. யாழ்ப்பாணத்தில் குலசேகரத்தார் நில அளவையாளர் ஒருவருக்குச் சங்கிலி பிடித்தவர். அதை, 'நான் சேவே டிப்பாட்மென்டிலை இருந்த காலத்திலை' என்று சொல்லுவார். அந்தத் தகைமையோடு தானே அளந்து, பத்தரை அடியில் வெண்கட்டிக் கோடு கீறினார். இரண்டு நாள் கழித்து ஒரு போர்த்துக்கல்காரன் வந்து கோட்டின் மேல் பிளாக்கோ என்கிற ஜிப்சம் பலகைச் சுவரை நிறுத்தினான்.

கோட்டின் மேல்தான் நிறுத்தினான். கோடுதான் கீறிய இடத்தில் இருக்கவில்லை.

அது ஊரில் யுத்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்த சித்திரை மாதம். அண்ணனும் தம்பியும் விடிந்தால் பதாகையோடு தெருவுக்குப் போய், பொழுதுபட்டு வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் சுருண்டு கிடந்த மாதம். தமிழர் கூடும் லா சப்பலில் அந்த மாதம் அலுமாரியைப் பற்றி யோசித்த ஆள் ஒருத்திதான் இருந்திருப்பாள். கட்டிலைப் போட்டால் அலுமாரிக்கு இடம் போதவில்லை. சாரதாதேவி ஈரத்துணியால் கோட்டைத் துடைத்து, ஒரு சாண் அந்தப்பக்கம் தள்ளிக் கீறினாள். தன்னுடைய சாண்தான், சின்னக் கை.

வேலிக் கதியாலைப் பிடுங்கி ஒரு விரற்கடை தள்ளி நட்டுவிட்டு, அதற்காக இரண்டு தலைமுறை வழக்கென்று கோட்டுப்படி ஏறியது அவளுடைய தகப்பன் வீடு. வேலை சுத்தமாக வந்ததில் வியப்பில்லை. இரத்தத்தில் இருந்தது.

"தம்பி, அளந்து என்னத்துக்கு?" என்றாள் இப்போது. "ரெண்டு பலகை கூட வாங்கினால் முடிஞ்சுது."

"குளிர் காக்கிற றெஜிபோம் பலகை அண்ணி. இடைவெளி விட்டால் குளிர் ஏறும், கூடினால் மிதந்து நிக்கும். அளக்காமல் வாங்கிறது விசர் வேலை. இண்டைக்கு வாங்கினால்தான் இண்டைக்கே விரிக்கலாம்."

சாரதாதேவி கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். நாளை வெள்ளி.

குலசேகரத்தார் குளித்து, நீறு பூசி, உருக்கு அளவுநாடாவை மாலை மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"கதவாலை வரத் தெரியாதோ?"

"கதவு எங்கை அண்ணை? நீங்கள் பூட்டினது என்ர மூஞ்சையை எல்லோ."

"அது ஒரு மருத்துவ நடவடிக்கை."

"கலாவதி பிள்ளைப்பெத்தவளுக்கெண்டு சரக்குக் கறி காய்ச்சிக் கொண்டுவந்தவள். கதவடியிலை வைச்சிட்டுப் போகச் சொன்னியள். நாய்க்கு வைக்கிற மாதிரி."

"டேய், பொறுப்பில் இருக்கிறவன் சில கடினமான முடிவுகளை..."

"அளவுங்கோ!"

அளந்தார். நாடாவின் நுனியைச் சாரதாதேவி பிடித்தாள். குலசேகரத்தார் மறுநுனியைச் சுவரில் வைத்து, நாடாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து, "பத்தரை அடி!" என்றார். "நான் போட்ட கோடு. ஒரு மரியாதைக்காகத்தான் அளக்கிறது."

அவளுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் நிலைக்கவில்லை. உதயன் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து அழுத்தினான். எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

"மூண்டு மீற்றர் நாப்பது."

கருவியோடு தன் பக்கம் போனான். அளந்துகொண்டு திரும்பி வந்தான்.

"என்ர பக்கம் ரெண்டு தொண்ணூற்றிமூண்டு. நாப்பத்தேழு சென்ரிமீற்றர் அண்ணை. எட்டு வருஷமா நானும் அவளும் கட்டிலுக்குப் பக்கத்தாலை நண்டு மாதிரி நடக்கிறம்."

"மிசின் பிழை."

"மிசினோ பிழை?"

"வெள்ளைக்காரன்ர மிசின் மீற்றரிலை அளக்கும். எங்கடை வீடு அடியிலை பிரிச்சது." சொல்லிக்கொண்டே தம்பியின் கையிலிருந்து கருவியைப் பறித்து நிலத்தில் ஓங்கி அடித்தார். சிவப்புப் புள்ளி ஒருதரம் துடித்து அணைந்தது.

"அப்ப அடியிலையே கணக்குப் பாப்பம்," என்றான் உதயன். "எத்தினை அடி வேணும், சொல்லுங்கோ."

அடி உதவுமாப்போல அண்ணன் தம்பி உதவான் என்று முதன்முதல் சொன்னவன் நிச்சயமாகக் காணி அளக்கப் போனவனாகத்தான் இருக்க வேண்டும்.

முதலாவது, நெஞ்சில் தள்ளு. குலசேகரத்தார் அலுமாரியில் மோதினார். கதவு திறந்து சேலைகள் அவர் தலையில் கொட்டின. சேலைக்குள்ளிருந்து கையை வீசினார். உருக்கு நாடா சீறிக்கொண்டு போய் உதயனின் புருவத்திலிருந்து காதுவரை ஒரு கோடு கீறியது. முதலில் வெள்ளைக் கோடு. பிறகு சிவப்பு.

உதயன் இரத்தத்தைத் துடைக்கவில்லை. தமையனின் வாயில் குத்தினான். மேல்வரிசைப் பற்கள் முழுதாகக் கழன்று கட்டிலுக்கு அடியில் போயின. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகத் தலைவர் சொன்னது ஒருவருக்கும் விளங்கவில்லை.

"விடுங்கோ! ரெண்டு பேரும் விடுங்கோ!" சாரதாதேவி நடுவில் விழுந்தாள். யாருடைய முழங்கையோ அவள் நெஞ்சில் இடித்தது.

உதயன் வேலைப்பையிலிருந்து சுத்தியலை எடுத்தான். அவள் கண்ணை மூடினாள். அடி சுவரில் விழுந்தது. பிளாக்கோ கிழங்குபோல் உடைந்தது. "எடுக்கிறன்! என்ர நாப்பத்தேழையும் எடுக்கிறன்!"

"அரைவாசி!" என்று பல்லில்லாத வாயால் அலறினார் குலசேகரத்தார். "உனக்கு வாறது அரைவாசிதான்ரா! இருபத்திமூண்டரை!"

கொலை விழுகிற நேரத்திலும் கணக்குப் பிழைக்கக்கூடாது.

இரண்டாவது அடி. மூன்றாவது. சுவரில் ஆள் நுழையும் ஓட்டை. வெள்ளைத் தூசுக்குள் அந்தப் பக்கத்தில் கலாவதியின் முகம் தெரிந்தது. குலசேகரத்தார் வேலைப்பையிலிருந்த ரசமட்டக் கட்டையைத் தூக்கி உதயனின் கைவிரல்களில் இறக்கினார். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். சுத்தியல் ஓட்டைக்குள்ளால் மறுபக்கம் விழுந்தது.

அதற்குப் பிறகு உதயன் கத்தவில்லை. நல்ல கையால் தமையனின் கழுத்தைப் பிடித்து, உடைந்த சுவரின் விளிம்பில் வைத்து நெரித்தான். குலசேகரத்தாரின் கால் நிலத்தைச் சுரண்டியது. முகம் கருநீலமாயிற்று. நாக்கு வெளியே வந்தது.

விளையாட்டாக விழுந்த அடிகள் முடிந்துவிட்டன என்று சாரதாதேவிக்கு விளங்கியது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"நான்தான்," என்றாள்.

கேட்கவில்லை.

"கோட்டை நான்தான் தள்ளினனான்! அவருக்குத் தெரியாது! அலுமாரிக்காக நான் அழிச்சுக் கீறினனான்!"

உதயனின் பிடி தளர்ந்தது. குலசேகரத்தார் சுவரோடு வழுகி இருந்து, காற்றை இழுத்து இருமினார். கீழே மீன்கடையின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒரே மாதிரியான பார்வை, ஒரே மாதிரியான மூக்கு. ஒரு நிமிஷத்துக்கு முன் ஒருவரை ஒருவர் கொல்ல நின்றவர்கள் இப்போது ஒரு தாய்ப் பிள்ளைகள்.

"அண்ணி... நீங்களோ?"

"நீயோ?" என்றார் குலசேகரத்தார்.

முப்பத்தெட்டு வருஷக் கலியாணத்தில் 'நீர்' என்றுதான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஒரு எழுத்து விழுந்ததுமே அடுத்தது வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கன்னத்தில் அறைந்தார். தள்ளாடியவளை நாடாக் கூட்டோடு பொத்திய கையால் வாயில் குத்தினார். அவள் விழுந்தாள்.

"சங்கத்திலை என்ர முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? கள்ளக்கோடு போட்டவன் எண்டு என்னை எல்லோ சொல்லுவாங்கள்! கள்ளி!"

கன்னம் நிலத்தில் ஒட்டிக்கிடந்தது. குளிர், ஊசி ஊசியாக. இந்தக் குளிருக்குள் இரண்டு கிலோப் பிள்ளையா என்று நினைத்தாள். வாயிலிருந்து வழிந்த இரத்தம் மட்டும் சூடாக இருந்தது.

"போதும் அண்ணை," என்றான் உதயன், பந்தியில் சோறு போதும் என்று சொல்கிற குரலில். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

குலசேகரத்தார் காலைத் தூக்கினார்.

"அத்தான்."

ஓட்டைக்குள்ளால் கலாவதி வந்து நின்றாள். தலைமயிரெல்லாம் சுவர்த்தூள். கையில் சுத்தியல்.

"அந்தக் கால் அக்காவிலை பட்டால் முழங்கால் சில்லு இருக்காது. சொல்லிப்போட்டன்."

தலைவர் காலைக் கீழே வைத்தார். மெதுவாக, தானாகவே முடிவெடுத்தவர் மாதிரி.

"நீங்களும் அங்காலை போய் நில்லுங்கோ," என்றாள் தன் கணவனிடம். "போதும் அண்ணையாம். வெக்கமில்லை?"

கையைப் பிடித்துச் சாரதாதேவியைத் தூக்கினாள். தூக்கியபடியே கேட்டாள்:

"ஒரு சாணுக்கோ அக்கா?"

"ஓம்."

"நண்டு மாதிரி நடந்தது நானும்தான். அதைப் பிறகு கதைப்பம், விடமாட்டன். இப்ப நாடாவைப் பிடியுங்கோ. பிள்ளை வரவேணுமெல்லோ."

இரண்டு பெண்களும் அளந்தார்கள். சுவரில் பாதி இல்லாதபடியால் குளிருக்கும் எல்லை இல்லை; ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அளக்க வேண்டியிருந்தது. நீளம் ஆறு நாற்பது. அகலம் மூன்று அறுபத்தாறு. கலாவதி உள்ளங்கையில் எழுதிப் பெருக்கினாள்.

"இருபத்திமூண்டரைச் சதுர மீற்றர். இருபத்தஞ்சு எண்டு வாங்குவம். கடை ஏழு மணி மட்டும்."

"ஆர் தூக்கிறது? தம்பியின்ர விரல் முறிஞ்சு கிடக்கு."

"நான் தூக்குவன்."

அப்போது அழைப்புமணி அடித்தது.

ஜெனவியேவ். நாளை ரயில்காரர்களின் கிறேவ், வேலைநிறுத்தம், வரமுடியாது, ஆகவே இன்றே வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே சிரித்தபடி உள்ளே வந்தாள். சிரிப்பு வாசலோடு நின்றுவிட்டது.

சுவரில் ஓட்டை. நிலத்தில் தூசும் இரத்தமும் சேலைகளும். புருவம் கிழிந்த ஒருவன், கழுத்தில் விரல்தடம் பதிந்த ஒருவர், சுத்தியலோடு ஒருத்தி. இவர்கள் எல்லாரையும் கடந்து அவள் பார்வை சாரதாதேவியின் வாயில் வந்து நின்றது. இந்த முறை அவள் காலணியைக் கழற்றவில்லை. வெப்பமானியை வெளியே எடுக்கவும் இல்லை. பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து, பேனாவைத் திறந்தாள்.

"யார் செய்தது, மடம்?"

குலசேகரத்தார் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பல்லை எடுத்துப் பூட்டினார். பல்லோடு புன்னகையும் சேர்ந்து பூட்டிற்று. "திறவோ, மடம், திறவோ!" என்றார், வீட்டில் திருத்த வேலை நடக்கிறதாம். பிறகு வாயசையாமல், தமிழில்: "விழுந்தனெண்டு சொல்லும் தேவி. பிள்ளை வரவேண்டாமோ உமக்கு?"

'நீர்' திரும்பி வந்துவிட்டது. வெளியாள் வந்தால் அதுவும் வரும்.

குலசேகரத்தாரைப் பிழை சொல்லவும் முடியாது; இந்த ஒரு முறை, எழுத முன்னரே, அவர் கடதாசியைச் சரியாகத்தான் வாசித்திருந்தார். உள்ளதைச் சொன்னால் அடிக்கிற கை இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையைத் தரமாட்டார்கள். விழுந்தேன் என்றால் தருவார்கள், அதே கை இருக்கிற வீட்டுக்கு. ஜெனவியேவின் பேனா கடதாசிக்கு மேலே காத்துக்கொண்டு நின்றது.

சாரதாதேவி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். பன்னிரண்டு வருஷம் ஒபீசுகள் துடைத்ததில் அவளுக்குப் பிரெஞ்சு வினைச்சொற்கள் சில கிடைத்திருந்தன. அவற்றுக்குக் காலமும் விகுதியும் சேர்த்துத்தர அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. இருந்ததை வைத்துக் கேட்டாள். கணவரின் பக்கம் கையை நீட்டி:

"லுய் பார்த்தீர்... பெபே வெனீர்?"

இவர் வெளியே போனால், பிள்ளை உள்ளே வரலாமா?

குலசேகரத்தாரின் புன்னகை முகத்திலேயே இருந்தது, இறக்க ஆளில்லாத பதாகை மாதிரி.

ஜெனவியேவ் அவரை அடிமுதல் முடிவரை பார்த்தாள். பிறகு, சுவரோடு சாய்ந்து முறிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்ற உதயனைப் பார்த்தாள். குலசேகரத்தாரின் கழுத்திலிருந்த தடத்தையும் உதயனின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவர் மட்டுமா?" என்று கேட்டாள்.

கலாவதி சுத்தியலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, தன் கணவனின் பக்கம் திரும்பினாள்.